சதவீதம் ஒருமையா, பன்மையா?

ஆங்கிலத்தில் எழுவாய் ஒருமையாக இருந்தால் வினையும் ஒருமை. எழுவாய் பன்மையாக இருந்தால் வினையும் பன்மை. இந்த விதியை ஐந்தாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். 'பாய்' என்றால் 'இஸ்', 'பாய்ஸ்' என்றால் 'ஆர்'. இதில் ஐயம் எழ இடமில்லை. ஆனால், எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் 'முப்பது சதவீதம்', 'மூன்றில் ஒரு பங்கு', 'பெரும்பான்மை', 'எண்ணிக்கை' என்று ஓர் அளவுச்சொல் வந்து அமர்ந்துகொண்டால், பட்டம் பெற்றவர்களும் தயங்குகிறார்கள். முப்பது என்பது ஒன்றுக்கு மேற்பட்டதாயிற்றே, பன்மையா? சதவீதம் என்பது ஒரே சொல்லாயிற்றே, ஒருமையா?

பொருளாதாரம் கற்பித்த காலத்தில் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும்போதெல்லாம் இந்தத் தடுமாற்றத்தைக் கண்டிருக்கிறேன். பொருளாதாரத்தில் சதவீதம் இல்லாத பக்கமே இல்லை. ஆகவே பிழைக்கும் பக்கந்தோறும் வாய்ப்பு உண்டு. போட்டித் தேர்வுகளின் ஆங்கிலப் பகுதியில் பிழை கண்டறியும் வினாக்கள் அடிக்கடி இந்த இடத்தைத்தான் குறிவைக்கின்றன. எனினும், இது மதிப்பெண் சார்ந்த சிக்கல் மட்டுமன்று. ஒரு புள்ளிவிவரம் எதைப் பற்றிப் பேசுகிறது என்ற அடிப்படைக் கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது. அதனாலேயே இலக்கண ஆசிரியர் அல்லாத நான் இதை எழுதத் துணிகிறேன்.

எதன் சதவீதம்?

முதல் விதி இது. சதவீதத்துக்கும் பின்னத்துக்கும் தமக்கென ஒருமையோ பன்மையோ கிடையாது. 'ஆஃப்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் எதுவோ, அதுவே வினையைத் தீர்மானிக்கிறது. '40 பர்சென்ட் ஆஃப் தி வாட்டர் இஸ்' என்பதில் நீர் எண்ண இயலாத பொருள், ஆகவே ஒருமை. '40 பர்சென்ட் ஆஃப் தி வெல்ஸ் ஆர்' என்பதில் கிணறுகள் எண்ணக்கூடியவை, ஆகவே பன்மை. இரண்டிலும் எண் ஒன்றே, சதவீதமும் ஒன்றே. மாறியது, எதன் சதவீதம் என்பது மட்டுமே.

பின்னங்களுக்கும் இதே நெறிதான். 'டூ தேர்ட்ஸ்' என்பது பார்வைக்குப் பன்மை போலத் தோன்றினாலும் 'டூ தேர்ட்ஸ் ஆஃப் தி லேண்ட் இஸ்' என்பதே சரி. 'ஒன் தேர்ட்' என்பது ஒருமை போலத் தோன்றினாலும் 'ஒன் தேர்ட் ஆஃப் தி ஃபார்மர்ஸ் ஆர்' என்பதே சரி. 'ஹாஃப்', 'மோஸ்ட்', 'ஆல்', 'சம்', 'தி ரெஸ்ட்', 'எ லாட் ஆஃப்' ஆகியனவும் இந்த வரிசையில் சேர்ந்தவை. மீதிப் பணம் என்றால் 'இஸ்'. மீதி மாணவர்கள் என்றால் 'ஆர்'.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நம் மரபில் 'பால் பகா அஃறிணைப் பெயர்' என்றொரு வகை உண்டு. 'மாடு' என்ற சொல் தன்னளவில் ஒருமை, பன்மை காட்டாது. 'மாடு வந்தது' என்றால் ஒன்று. 'மாடு வந்தன' என்றால் பல. அங்கே வினைமுற்று எண்ணைக் காட்டிக் கொடுக்கிறது. ஆங்கிலத்தின் 'பர்சென்ட்' என்ற சொல்லையும் அப்படிப்பட்ட ஒரு சொல்லாகக் கருதிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே வேறுபாடு, அங்கே எண்ணைக் காட்டுவது 'ஆஃப்' என்ற சொல்லைத் தொடரும் பெயர்.

நிலமும் நில உடைமையும்

இந்த விதியைக் காப்பாற்றுவதால் என்ன நன்மை என்பதற்கு, என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் மொத்த நில உடைமைகளில் ஏறத்தாழ 86 சதவீதம், இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு, குறு உடைமைகள். ஆனால், சாகுபடிக்கு உட்பட்ட மொத்தப் பரப்பில் அவற்றின் பங்கு ஏறத்தாழ 47 சதவீதம் மட்டுமே.

இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவது, '86 பர்சென்ட் ஆஃப் தி ஹோல்டிங்ஸ் ஆர்' என்று பன்மை பெறும். இரண்டாவது, '47 பர்சென்ட் ஆஃப் தி ஏரியா இஸ்' என்று ஒருமை பெறும். முன்னது தலைகளை எண்ணுகிறது. பின்னது பரப்பை அளக்கிறது. எழுதுபவர் 'ஆர்' போட வேண்டுமா, 'இஸ்' போட வேண்டுமா என்று ஒரு கணம் நின்று யோசித்தால், தாம் எண்ணுகிறோமா, அளக்கிறோமா என்பதும் அவருக்குத் தெளிவாகிவிடும். யோசிக்காதவர், 'இந்திய நிலத்தில் 86 சதவீதம் சிறு விவசாயிகளிடம் இருக்கிறது' என்று எழுதிவிடக் கூடும். அது இலக்கணப் பிழை அன்று, உண்மைப் பிழை. நிலப் பகிர்வு பற்றிய விவாதத்தையே தலைகீழாக்கிவிடும் பிழை.

வங்கிக் கடனிலும் இதைக் காணலாம். 'ஒன் தேர்ட் ஆஃப் தி லோன்ஸ் ஹேவ் பீன் ரீபெய்டு' என்றால், கடன் கணக்குகளில் மூன்றில் ஒரு பங்கு தீர்க்கப்பட்டுள்ளன. 'ஒன் தேர்ட் ஆஃப் தி அமவுன்ட் ஹேஸ் பீன் ரீபெய்டு' என்றால், தொகையில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்துள்ளது. நூறு சிறு கடன்கள் தீர்ந்து, ஒரே ஒரு பெருங்கடன் நிலுவையில் நிற்கும் வங்கியில் இந்த இரண்டும் முற்றிலும் வெவ்வேறு செய்திகள்.

'தி' வந்தால் ஒன்று, 'எ' வந்தால் வேறொன்று

அடுத்தது, மாணவர்கள் மிகுதியாக இடறும் இடம். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் மாணவர்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை ஒன்றுதான், ஆகவே 'ஹேஸ் இன்க்ரீஸ்டு'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் மாணவர் பலர். ஆகவே 'ஹேவ் கம்ப்ளெயிண்டு'. 'எ' என்பது ஒன்றைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று எண்ணி இங்கே ஒருமை வினை போடுவது இயல்பான தவறு.

தமிழில் சொல்லிப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே விளங்கும். 'மாணவர்களின் எண்ணிக்கை உயர்ந்துள்ளது' என்கிறோம். 'உயர்ந்துள்ளனர்' என்று யாரும் சொல்வதில்லை. 'மாணவர்கள் பலர் முறையிட்டுள்ளனர்' என்கிறோம். 'முறையிட்டுள்ளது' என்று யாரும் சொல்வதில்லை. நம் தாய்மொழியில் தவறாத காது, ஆங்கிலத்தில் சொல்லின் வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறுகிறது.

'பர்சென்டேஜ்', 'ப்ரொபோர்ஷன்', 'டோட்டல்' ஆகிய சொற்களும் இதே முறையில் இயங்குகின்றன. 'தி பர்சென்டேஜ் ஆஃப் விமன் வோட்டர்ஸ் ஹேஸ் ரிசன்' என்பதில் உயர்ந்தது சதவீதம், பெண்கள் அல்லர். 'எ லார்ஜ் பர்சென்டேஜ் ஆஃப் விமன் வோட்டர்ஸ் ஹேவ் வோட்டட்' என்பதில் வாக்களித்தது சதவீதம் அன்று, பெண்கள். 'ஷேர்' என்ற சொல் மட்டும், 'தி ஷேர் ஆஃப்' என்று வரும்போது உறுதியாக ஒருமை. தேசிய வருமானத்தில் வேளாண் துறையின் பங்கு குறைகிறது என்று எழுதும்போது, குறைவது பங்கு என்ற ஒன்றே.

இதைச் சார்ந்த இன்னொரு பொறியும் உண்டு. 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.25 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக உயர்த்தியது. அதை ஆங்கிலத்தில் எழுதுபவர் 'அன் இன்க்ரீஸ் ஆஃப் 25 பேசிஸ் பாயின்ட்ஸ் வாஸ் அனவுன்ஸ்டு' என்றே எழுத வேண்டும். 'பாயின்ட்ஸ்' பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக 'வேர்' போடக் கூடாது. அறிவிக்கப்பட்டது உயர்வு, அது ஒருமை. இங்கே பொருளையும் கவனிக்க வேண்டும். கூடியது 0.25 சதவீதப் புள்ளி. 6.25இல் 0.25 என்பது 4 சதவீதம். ஆக, விகிதம் உயர்ந்தது 4 சதவீதம். அது கூடியது கால் சதவீதப் புள்ளி. இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

பணம், தொலைவு, காலம்

'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் இனஃப்' என்பது சரியா? 'ருபீஸ்' பன்மையாயிற்றே என்று கேட்பவர் உண்டு. பணம், தொலைவு, காலம், எடை ஆகியவற்றை ஒரே தொகுப்பாகக் கருதிப் பேசும்போது ஆங்கிலம் ஒருமையையே கொள்கிறது. ஐந்நூறு ரூபாய் என்பது அங்கே ஒரு தொகை. ஐந்நூறு தனித்தனி நாணயங்கள் அல்ல. 'டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வாக்', 'த்ரீ இயர்ஸ் இஸ் எ லாங் டைம்' என்பனவும் இவ்வாறே. ஆனால், 'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீ நோட்ஸ் வேர் வித்ட்ரான்' என்றால் திரும்பப் பெறப்பட்டவை நோட்டுகள், ஆகவே பன்மை.

இதிலும் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. 'ஐந்நூறு ரூபாய் இருக்கிறது', 'பத்துக் கிலோமீட்டர் ஆகும்' என்று அளவுப் பெயர்களுக்கு 'கள்' விகுதி சேர்க்காமல் ஒருமையாகவே வழங்குகிறோம். தமிழ் போலவே நினைத்தால் ஆங்கிலமும் சரியாக வரும் அரிய இடங்களுள் இது ஒன்று.

பெரும்பான்மை என்ற சொல்லும் கவனத்துக்கு உரியது. தமிழ்நாடு சட்டப்பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கை 234. ஆட்சி அமைக்க 118 பேர் தேவை. 'எ மெஜாரிட்டி ஆஃப் 118 இஸ் நீடட்' என்றால் பெரும்பான்மை என்ற ஓர் எண் பேசப்படுகிறது, ஒருமை. 'தி மெஜாரிட்டி ஆஃப் தி மெம்பர்ஸ் ஹேவ் வோட்டட்' என்றால் உறுப்பினர்கள் பேசப்படுகிறார்கள், பன்மை. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தேவை என்னும்போது 'எ டூ தேர்ட்ஸ் மெஜாரிட்டி இஸ் ரெக்வயர்டு' என்பதே பொருந்தும்.

அரசியல் சட்டம் இந்தச் சிக்கலைத் தாண்டிச் செல்லும் விதம் சுவையானது. 73ஆவது திருத்தத்தின் மூலம் வந்த 243-டி பிரிவு, ஊராட்சிகளின் மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அங்கே வரும் வினை 'ஷல் பி ரிசர்வ்டு'. 'ஷல்' என்ற துணைவினை ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. கட்டளையிடும் சட்டமொழிக்கு அது போதும். ஆனால், அந்தச் சட்டத்தை விளக்கி நிகழ்காலத்தில் எழுதுபவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2016இல் இந்த ஒதுக்கீடு பாதியாக உயர்த்தப்பட்டது. அதை எழுதும்போது '50 பர்சென்ட் ஆஃப் தி சீட்ஸ் ஆர் ரிசர்வ்டு' என்பதே முறை.

விதி தளரும் இடங்கள்

எல்லா இடத்திலும் ஒரே விடை உண்டு என்று சொல்லிவிட முடியாது. 1985இல் ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய மூன்று துணையாசிரியர்களும் வெளியிட்ட பேரிலக்கண நூல், ஆங்கிலத்தில் வினை இயைபைத் தீர்மானிப்பவை மூன்று என்கிறது: சொல்லின் இலக்கண வடிவம், பேசுபவர் கருதும் பொருள், வினைக்கு அருகிலிருக்கும் சொல்லின் ஈர்ப்பு. வடிவமும் பொருளும் ஒத்துப் போகும் இடத்தில் சிக்கலில்லை. முரண்படும் இடத்தில்தான் வழக்கு இரண்டாகப் பிரிகிறது.

'பாப்புலேஷன்' அப்படிப்பட்ட ஒரு சொல். திட்டக் குழு 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, டெண்டுல்கர் குழுவின் முறையில் கணக்கிட்டால், 2011-12இல் நாட்டின் மக்கள்தொகையில் 21.9 சதவீதத்தினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். இதை ஆங்கிலத்தில் 'வாஸ்' என்று முடிப்பதா, 'வேர்' என்று முடிப்பதா? மக்கள்தொகை என்ற சொல் வடிவில் ஒருமை. ஆகவே 'வாஸ்' தவறில்லை. அதற்குள் இருப்பவர்கள் மனிதர்கள். ஆகவே 'வேர்' என்று எழுதுவோரும் உண்டு. கூட்டத்தைக் குறிக்கும் பெயர்களுக்கு அமெரிக்கர்கள் பெரிதும் ஒருமையையே கொள்வார்கள். பிரித்தானியர்கள் சூழலைப் பொறுத்து இரண்டையும் ஆள்வார்கள். கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர் 200 ஃபார் 3' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே இந்தியா என்பது நாடு அன்று, விளையாடும் வீரர்கள். பொருளாதாரச் செய்தியில் அதே பெயர் 'இந்தியா இஸ்' என்று ஒருமையாகிவிடும்.

'ஒன் இன் ஃபைவ் சில்ட்ரன்' என்ற தொடரும் இவ்வாறே. ஐவரில் ஒருவர் என்பதால் இலக்கண வடிவின்படி 'இஸ்'. ஆனால், பேசப்படுவது ஒரு குழந்தை அன்று, நாடெங்கும் உள்ள பல குழந்தைகள் என்பதால் 'ஆர்' என்று எழுதும் வழக்கமும் பரவலாக உள்ளது. 'நன் ஆஃப் தெம்' என்பதற்கும் இரண்டும் பொருந்தும். தேர்வு எழுதுபவர்கள் இத்தகைய இடங்களில் வடிவத்தைப் பின்பற்றி ஒருமை கொள்வது பாதுகாப்பானது. கட்டுரை எழுதுபவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றினால் போதும்.

ஆனால், மூன்றாவது ஈர்ப்புக்கு மட்டும் இணங்கிவிடக் கூடாது. '10 பர்சென்ட் ஆஃப் தி மனி கிவன் டு தி ஃபார்மர்ஸ் ஹேஸ்' என்பதில் வினைக்கு மிக அருகில் இருப்பவர்கள் விவசாயிகள். ஆனால், சதவீதம் பணத்துடையது. ஆகவே 'ஹேஸ்' என்பதே சரி. அருகில் இருப்பது எது என்று பார்க்காமல், அளக்கப்படுவது எது என்று பார்க்க வேண்டும். அதேபோல, 'மோர் தேன் ஒன் ஸ்டூடன்ட்' என்பது பொருளால் பன்மை. ஆனால் 'ஸ்டூடன்ட்' என்ற ஒருமைச் சொல்லின் ஈர்ப்பால் 'ஹேஸ்' என்பதே நிலைத்துவிட்ட வழக்கு. இதற்கு விதி தேடாமல் மனத்தில் இருத்திக்கொள்வதே நல்லது.

நம் மொழியில் நேரும் பிழை

ஆங்கிலத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தமிழைப் பற்றிப் பேசாமல் விடுவது முறையாகாது. ஆங்கிலத்தில் சதவீதம் எழுப்பும் சிக்கல் ஒருமை, பன்மை என்ற எண் சார்ந்தது. தமிழில் அது திணையையும் தொடுகிறது. 'வாக்காளர்களில் 70 சதவீதம் வாக்களித்தது' என்று எழுதும்போது, மக்கள் அஃறிணையாகிவிடுகிறார்கள். 'தேர்வு எழுதியவர்களில் 10 சதவீதம் தோல்வி அடைந்துள்ளது' என்பதும் அவ்வாறே. தோற்றது சதவீதம் அன்று. வீட்டில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகள்.

இதற்குத் தமிழ் நல்ல தீர்வுகளை வைத்திருக்கிறது. '70 சதவீதம் பேர் வாக்களித்தனர்' என்று 'பேர்' சேர்க்கலாம். '70 சதவீதத்தினர்' என்று உயர்திணை விகுதி சேர்க்கலாம். வாக்குகளைப் பற்றிப் பேசினால் '70 சதவீத வாக்குகள் பதிவாகியுள்ளன' என்று அஃறிணைப் பன்மையில் முடிக்கலாம். அளவைப் பற்றி மட்டும் பேசினால் 'வாக்குப்பதிவு 70 சதவீதமாக இருந்தது' என்று ஒருமையில் முடிக்கலாம். ஆளைச் சொல்கிறோமா, பொருளைச் சொல்கிறோமா, அளவைச் சொல்கிறோமா என்று மூன்றையும் பிரித்துக் காட்டும் வசதி நம்மிடம் இருக்கிறது. அவசரத்தில் அதைக் கைவிட்டுவிடுகிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்விக்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் மாணவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எதன் சதவீதம்? அதை எண்ணுகிறோமா, அளக்கிறோமா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தவர் ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஆர்' குழப்பத்தில் பெரும்பாலும் சிக்கமாட்டார். அது மட்டுமல்ல, அரசின் அறிக்கையிலோ, நிறுவனத்தின் விளம்பரத்திலோ, தேர்தல் மேடையிலோ ஒரு சதவீதத்தைக் கேட்கும்போது, 'எதில் இத்தனை சதவீதம்?' என்று திருப்பிக் கேட்கவும் பழகிக்கொள்வார். வகுப்பறையில் இலக்கணமாகத் தொடங்கும் இந்தக் கேள்வி, குடிமக்களின் வழக்கமாகவும் ஆக வேண்டும்.